வால்ட்டர் முடிக்காத கார்

கிட்ட வாருங்கள், என் செல்வங்களே. போர்வையை இரண்டு பேருக்கு ஒன்றாகப் பங்குபோட்டுக்கொள்ளுங்கள். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடிக்கலாம், அதில் வெட்கமில்லை. இன்றைக்கு ஒரு காரின் கதை சொல்லப்போகிறேன். காரின் கதை என்றுதான் பெயர், உண்மையில் இது மகேந்திரராஜா என்ற பெரிய மனிதனின் கதை. பெரிய மனிதன் என்று நான் சொல்லவில்லை, அவனே சொல்லிக்கொண்டது.

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தேழாம் ஆண்டு, மே மாதம். மெல்போர்னின் மல்கிரேவில், பின்னேரம் ஐந்தரைக்கே இருட்டிவிடும் குளிர்காலம் தொடங்கும் சமயம். வீட்டோடு ஒட்டிய கராஜில், ஒரு மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில், பழைய காரொன்றின் கதவுக்குப் பக்கத்தில் மகேந்திரராஜா முழங்காலில் நின்று, வாளித் தண்ணீரில் தோய்த்த சாண்ட் பேப்பரால் தகரத்தை உரசிக்கொண்டிருந்தான். முன்னே ஒரு இழுப்பு, பின்னே ஒரு இழுப்பு. சர்ர் என்று போய்ச் சர்ர் என்று வரும் அந்தச் சத்தமும், ஈரத் தகரத்தின் புளித்த மணமும், சிமெந்துத் தரையிலிருந்து முழங்கால் வழியாக ஏறும் குளிருமாக நேரம் போய்க்கொண்டிருந்தது. விரல் விறைத்ததும் கையை நிறுத்தி, வாயருகே கொண்டுபோய் ஊதினான்.

சர்ர்.

கை நின்ற பிறகு ஒரு இழுப்பு. கதவின் மற்றப் பக்கத்தில், உள்ளேயிருந்து.

வேறொருவன் என்றால் எழும்பிப் பார்த்திருப்பான். மகேந்திரராஜா அப்படி இலகுவில் எழும்புகிறவன் அல்ல. "இந்த நாட்டுக்காரர் கட்டின கூரை. காற்றடித்தால் கத்தும்" என்று முதலில் கூரையைத் திட்டினான். பிறகு இரவில் கூரையில் ஓடித் திரியும் பொசம் என்ற பிராணியைத் திட்டினான். பிறகு பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவர் வைன் பீப்பாயைச் சுரண்டுகிறார் என்று முடிவுகட்டி, அவரையும் ஒரு பாட்டம் திட்டினான். உலகத்தில் எது பிழைத்தாலும் அதற்கு ஒரு மொக்கன் காரணமாக இருக்க வேண்டும், அந்த மொக்கன் தானாக இருக்க முடியாது. இதுதான் அவனுடைய சமயம்.

இந்தக் கார் அவன் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதைக் கேளுங்கள்.

அவன் நகரத்தில் ஒரு கம்பனியில் இயந்திரங்களுக்கு வரைபடம் கீறுகிறவன். பட்டம் பெற்ற எஞ்சினியர், ஆனால் இங்கே கிடைத்தது கீறுகிற கதிரைதான். மேலாளர் பாரி பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். மகேந்திரராஜா என்ற பெயர் அவன் வாய்க்குள் நுழையாமல், "மாக்ஸ்" என்று வெட்டிவிட்டான். ஆபீஸ் முழுதும் மாக்ஸ் என்றது. ஒரு நாள் தேநீர் நேரத்தில் பாரி ஒரு சஞ்சிகையை விரித்து ஹொட் ரொட் கார்களைக் காட்டிக்கொண்டிருந்தான். பழைய காரின் கூரையை வெட்டித் தாழ்த்தி, மட்காட்டைக் கழற்றி எறிந்து, லொறிக்குப் போதுமான எஞ்சினை முன்னால் வைத்து, கண் கூசும் நிறத்தில் மினுக்கி, ஓட்டுவதற்கில்லாமல் காட்சிக்கு வைப்பார்களே, அந்தச் சாதிக் கார்கள்.

"மாக்ஸ், நீ காரைக் கடதாசியில கீறலாம். கையில கொஞ்சம் கிரீஸ் பட்டால் அழுதிடுவாய்" என்றான் பாரி.

எல்லோரும் சிரித்தார்கள். மகேந்திரராஜா சிரிக்கவில்லை. ஜூன் மாதம், மகாராணியின் பிறந்தநாள் விடுமுறைக் கண்காட்சிக்குத் தன் இரண்டு கையாலும் திருத்திய காரைக் கொண்டுவருவேன் என்றான். முன்னால் வைக்கும் அட்டையில் தன் முழுப் பெயரும் இருக்கும், அதை நீங்கள் எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டிவரும் என்றான். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கார் முடியாவிட்டால், அல்லது இன்னொருவன் கை பட்டது என்று தெரிந்தால், அந்த ஆபீசுக்குள் அவன் இனி மாக்ஸ் கூட இல்லை.

பத்திரிகை விளம்பரம் பார்த்துக் கிரான்பர்னுக்குப் போனான். அந்த நாளில் அது குதிரைத் திடலும் பால்மாட்டுப் பண்ணையுமாகக் கிடந்த ஊர். வால்ட்டர் என்ற கிழவர், வாழ்நாளெல்லாம் நசுங்கின கார்களை நிமிர்த்திச் சீவித்தவர். கோழிக் கொட்டிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் முப்பத்துநாலாம் ஆண்டு ஃபோர்ட் கூபே, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய கார் ஒன்று நின்றது. ஒரு காலத்தில் பரிசு வாங்கின கார், பிறகு துருவேறி, கிழவர் மறுபடி தொடங்கிப் பாதியில் நிற்பது. "கை நடுங்குது. மிச்சத்தை முடிக்க ஒரு நல்ல கையைப் பாத்துக் குடுக்க வேணும்" என்று சொன்ன கிழவர், மகேந்திரராஜாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததை அவன் மறக்கவில்லை.

விலை பேசிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து, காரை ஏற்ற லொறியோடு அடுத்த சனிக்கிழமை போனபோது, வீட்டு முற்றத்தில் நிறையக் கார்கள். உள்ளே தொப்பி போட்ட பெண்கள் முட்டை சான்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வால்ட்டரை அன்று காலைதான் அடக்கம் செய்திருந்தார்கள்.

"கொண்டுபோங்கோ. அப்பா கடைசிவரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டு கிடந்தவர், இன்னும் முடியேல்லை, இன்னும் முடியேல்லை எண்டு" என்றாள் மகள் டோரீன்.

மனைவி இரஞ்சிதமும் கூட வந்திருந்தாள். கலியாணம் கட்டி வந்து இரண்டு குளிர்காலம் காணாத பெண். கொட்டகைக்குள் அவள் கணவனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இஞ்சை பாருங்கோப்பா, செத்த வீடு. ஒண்டும் சொல்லாமல் பேசாமல் வாங்கோ."

நம் ஆட்களுக்குத் தெரியும். எந்த வீட்டிலிருந்து எழும்பினாலும் "போட்டு வாறம்", அதாவது போய் வருகிறோம், என்று சொல்லித்தான் படி இறங்குவோம். செத்த வீட்டில் மட்டும் அதைச் சொல்ல மாட்டோம். வா என்றும் சொல்ல மாட்டோம், வருகிறேன் என்றும் சொல்ல மாட்டோம். தலையைக் குனிந்து நடப்போம். ஏன் என்று கேட்டால் ஒருவரும் காரணம் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஒருவரும் மீறவும் மாட்டார்கள்.

"ஆர் செத்தது? உம்மடை பெரியப்பாவோ?" என்றான் மகேந்திரராஜா. "அவையே அங்கை சான்விச் தின்னுகினம். நீர் எனக்கு முறை படிப்பிக்கிறீர்."

சொன்னதோடு விடவில்லை. அவளைச் சீண்ட வேண்டும். சுவரில் ஆணியில் கிழவரின் தோல் ஏப்ரன் தொங்கியது. அதற்கு முன்னால் போய் நின்று, கலியாண வீட்டில் சம்பந்தியை வரவேற்கிற மாதிரி இரண்டு கையையும் கூப்பினான்.

"அப்ப வால்ட்டர் ஐயா, போட்டு வாறம். குறைவேலை கிடக்கெண்டு கவலைப்படாதையுங்கோ. ஒருக்கா எங்கட வீட்டுப் பக்கம் வந்து, ஆறுதலா இருந்து, முடிச்சுத் தந்திட்டுப் போங்கோ. என்ன?"

லொறிக்காரன் மொழி விளங்காமலே சிரித்தான். இரஞ்சிதம் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏப்ரன் அசையவில்லை. ஒன்றுமே அசையவில்லை. அதுதான் மகேந்திரராஜாவுக்கு வசதியாகப் போயிற்று.

இனிக் கராஜுக்குத் திரும்புவோம்.

காரின் பழைய பெயின்றை உரிக்க உரிக்க, மூட்டுகளிலும் பள்ளங்களிலும் சாம்பல் நிறத்தில் ஈயம் தெரிந்தது. அந்தக் காலத்துக் கை அது. ஈயத்தை நெருப்பில் இளக்கி, மாட்டுக் கொழுப்புத் தடவிய மரக் கரண்டியால் வெண்ணெய் பூசுவது போலப் பூசி, அரத்தால் ராவி, உள்ளங்கையால் தடவித் தடவிச் சமப்படுத்துவார்கள். மகேந்திரராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. "கற்கால வேலை" என்று உளியால் அதைக் கெல்லி எறிந்தான். கடையில் டப்பாவில் விற்கும் பிளாஸ்டிக் பசையை, இங்கே எல்லோரும் 'பொக்' என்பார்களே, அதைக் குழைத்து அப்பினான். அரை மணியில் காய்ந்தது. காய்ந்த பிறகு பார்த்தால், முகத்தில் அப்பின சோறு மாதிரி இருந்தது. அதையும் பசை செய்த கம்பனியின் குற்றமாக வைத்துக்கொண்டு படுத்துவிட்டான்.

மறுநாள் வேலையால் வந்து கராஜ் லைற்றைப் போட்டான்.

பொக் முழுவதும் தரையில் விரித்த பத்திரிகையின் மேல் ஒரு சின்னக் குவியலாகக் கிடந்தது. கூட்டிப் பெருக்கிக் குவித்தது போல. காரின் பள்ளங்களில் ஈயம். புதிய ஈயம். மங்கலாக, அமைதியாக, தகரம் எங்கே முடிகிறது ஈயம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி. காற்றில் உருகிய கொழுப்பின் மணம் தடிப்பாக நின்றது, தொண்டையில் ஒட்டியது.

"என்னப்பா, மாட்டுக்கொழுப்பே உருக்கிறியள்?" உள்ளேயிருந்து இரஞ்சிதம் கத்தினாள். "வெள்ளிக்கிழமை! விளக்கு வைச்சிருக்கு! குசினி முழுக்க மணக்குது!"

அவன் குனிந்தான். உள்ளங்கையை ஈயத்தின் மேல் வைத்துத் தடவினான். அவன் மொக்கன் அல்ல, அதைச் சொல்லத்தான் வேண்டும். இப்படியொரு வேலை தன் கைக்கு ஏழு பிறப்பிலும் வராது என்பது அந்த ஒரு தடவலிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அதற்குப் பின்னால் பாரியின் முகம் வந்தது. இந்த வளைவைத் தடவிப் பார்க்கும்போது பாரியின் வாய் எப்படிப் பிளக்கும் என்று நினைத்தான். பயம் போய்விட்டது.

அன்றிலிருந்து அவன் பின்னேரங்களில் கொஞ்சம் உரசுவான், கொஞ்சம் பிழையாகச் செய்வான், லைற்றை அணைத்துவிட்டுப் போவான். மறுநாள் பிழை சரியாகியிருக்கும். தன் வீட்டுக்கு வேலைக்காரன் ஒருவன் வந்து போகிறான் என்ற எண்ணமே அவனுக்கு வந்தது. கூலி கேட்காத வேலைக்காரன், அதுவும் வெள்ளைக்காரன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதன் விக்னராஜா, மனைவி கல்யாணியோடு கிளேட்டனிலிருந்து வந்தான். பெண்கள் குசினிக்குப் போக, ஆண்கள் கராஜுக்கு வந்தார்கள். விக்னராஜா காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தான்.

"என்ன மச்சான், கண்டறியாத ஒரு தகர டப்பாவுக்கு இவ்வளவு சோடிப்போ? ரெண்டு பேர்தான் இருக்கலாம். பிள்ளை பிறந்தால் கூரையிலையே கட்டப்போறீர்?"

"உமக்கு உது விளங்காது. நீர் கணக்குப் பாக்கிற ஆள்."

"ஓம், கணக்குப் பாக்கிற ஆள்தான். ஆனால் என்ரை கார் ஓடுது, மச்சான். உம்மடை கார் படுத்துக் கிடக்குது." சிரித்துக்கொண்டே கூரையில் கையை வைத்தவன் சிரிப்பை நிறுத்தினான். மெதுவாகத் தடவினான். "இது... இது நீர் செய்ததோ?"

"வேறை ஆர்? மேலையிருந்து தேவர் இறங்கி வந்தோ? இந்த ரெண்டு கையும்தான்."

கையை உயர்த்திக் காட்டினான். அந்தக் கணத்தில், அதுவரை இருவர் காதிலும் படாமலே ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு சத்தம் நின்றது. சுவர் மணிக்கூடு நின்ற பிறகுதான் அது ஓடிக்கொண்டிருந்தது நமக்குத் தெரியுமே, அது போல.

விக்னராஜா கையை எடுத்துக்கொண்டான். "சூடாக் கிடக்கு" என்றான்.

"ஹீற்றர்."

"ஹீற்றர் எங்கை?"

கராஜில் ஹீற்றர் இல்லை. விக்னராஜா தன் உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்தான், மறுபடியும் துடைத்தான். "வாரும், உள்ளை போவம். தேத்தண்ணி ஆறப்போகுது" என்று சொல்லி, காருக்கு முதுகைக் காட்டாமல் நடந்தான்.

அடுத்த நாள் பின்னேரம், கதவு விளிம்புத் தகரம் மகேந்திரராஜாவின் பெருவிரலை எலும்பு தெரிய வெட்டியது. துணியைச் சுற்றிக்கொண்டு, தலை சுற்றியதால் சாரதி ஆசனத்தில் சாய்ந்தான். கண் அயர்ந்துவிட்டது. இரஞ்சிதம் சாப்பிடக் கூப்பிட்ட சத்தத்தில் விழித்தபோது நோவு இல்லை. துணியை அவிழ்த்தான். இரத்தம் இல்லை. வெட்டு இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, தோலோடு தோலாக, வழுவழுப்பாக. நகத்தால் சுரண்டினான், பெயரவில்லை. ஸ்டியரிங்கில் தட்டினான்.

டொக்.

மருத்துவரிடம் போவோம் என்று ஒரு மனிதன் நினைப்பான். மகேந்திரராஜா நினைத்தது, நாளைக்கு வேலை செய்ய இது வசதி என்று.

பிறகு கை ரேகைகள் போயின. உள்ளங்கை, பூசி மெழுகிய சுவர் மாதிரி ஆயிற்று. விரல் மூட்டின் சுருக்கங்கள் போயின, சுருக்கம் இல்லாத மூட்டு மடங்க மறுத்தது. ஆபீசில் பென்சில் நழுவி விழுந்தது. கையைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டான்.

"மாக்ஸ், சனிக்கிழமை நாங்கள் எல்லாரும் வாறம். முழு ஆபீசும். கார் இருக்குத்தானே, இல்லாட்டி கடதாசியிலயோ?" என்றான் பாரி.

"வாருங்கள்" என்றான் மகேந்திரராஜா. வாயின் இடது ஓரம் மட்டும்தான் அசைந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் இரஞ்சிதம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்கட கன்னத்து அம்மைத் தழும்பு எங்கை?"

"என்ன?"

"இதிலை மூண்டு தழும்பு இருந்தது. பொம்பிளை பாக்க வந்த அண்டு நான் நிமிந்து உங்கட முகத்தைப் பாக்க வெக்கத்திலை அதைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். இப்ப இல்லை." அவள் எழுந்து வந்து கன்னத்தைத் தொட்டாள். தொட்ட கையை உடனே இழுத்துக்கொண்டாள். "சீ, என்ன இது? பாத்திரத்தைத் தொட்டமாதிரிக் கிடக்கு!"

"குளிர்."

"குளிர் இல்லையப்பா. நீங்கள் கூப்பிட்டனீங்கள். நான் பக்கத்திலை நிண்டு கேட்டனான். வாங்கோ, வந்து முடிச்சுத் தாங்கோ எண்டு கையெடுத்துக் கும்பிட்டனீங்கள்."

"கூப்பிட்ட உடனை வாறதுக்கு அவன் என்ன எங்கட வீட்டு மாமாவோ? விசர்க்கதை கதையாதையும்."

"அந்தக் கிழவற்றை மகளிட்டைக் காரைத் திருப்பிக் குடுங்கோ. நாளைக்கே குடுங்கோ. உங்களுக்கு இனி எவ்வளவு மிச்சம் கிடக்கெண்டு எனக்குத் தெரியேல்லை." அவள் அழவில்லை. "ஒண்டில் அந்தக் கார், ஒண்டில் நான்."

மகேந்திரராஜா அவளைப் பார்த்தான். காரைத் திருப்பிக் கொடுத்தால் பாரி சிரிப்பான். ஆபீஸ் சிரிக்கும். இவள் போனால் இரண்டு நாள் பாணும் ஜாமும் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அவன் கணக்கு அப்படி.

"கார் சனிக்கிழமை போகுது. உமக்கு அவசரமெண்டால் நீர் இண்டைக்கே போம்."

விக்னராஜா வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான். கார் கிளம்பும்போது அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வீட்டைப் பார்க்கவில்லை, கராஜ் கதவைத்தான் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம். வேலைக்குப் போகாமல் நின்றான், போக நினைத்திருந்தாலும் சட்டைப் பொத்தானைப் பூட்ட விரல் மடங்காது. இருண்ட வீட்டில் ஒரு விளக்கையும் ஏற்றாமல், தோளால் கராஜ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், முழங்கையால் பல்பைப் போட்டான்.

கார் முடிந்திருந்தது.

ஆழமான சிவப்பு, மாதுளம்பழச் சாற்றுக்குள் விளக்கை வைத்தது போன்ற சிவப்பு, ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனையோ பூச்சு, அதற்கு அடியில் எங்கோ பொன் துகள் மினுங்கிக்கொண்டிருக்க, மூட்டு இல்லை, தழும்பு இல்லை, அலை இல்லை. பல்பின் வெளிச்சம் எஞ்சினை மூடும் பொனற்றில் விழுந்து ஒரு சொட்டு நெய் போல வழுக்கிக் கதவு வரை ஓடி நின்றது. உலர்ந்த பெயின்றின் காரமும் கொழுப்பு மணமும் சேர்ந்து மூக்கை அடைத்தன. இவ்வளவு நாளில் முதல் தடவையாக எங்கும் ஒரு சத்தமும் இல்லை.

"பறுவாயில்லை" என்றான் மகேந்திரராஜா. உதடு ஒத்துழைக்காததால் சொல் குழறியது. "ஒரு கூலியாளுக்குப் பறுவாயில்லை. இனிப் போகலாம்."

நாளைக்கு எல்லோரும் பார்க்கப்போகும் ஆசனத்தில் தான் முதலில் இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஏறினான். ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்தான். கதவைச் சாத்தவில்லை.

கதவு சாத்திக்கொண்டது. மெதுவாக. நல்ல வேலைக்காரன் சாத்துவது போல, சத்தமில்லாமல்.

எழும்பப் பார்த்தான். கை ஸ்டியரிங்கிலிருந்து வரவில்லை. விரல்கள் அதைச் சுற்றிப் பிடித்திருந்தன, பிடித்தபடியே இருந்தன.

பின்னால், ஆசனத்துக்கும் பின்தகட்டுக்கும் இடையில், ஒரு ஆள் நிற்க இடமே இல்லாத இடத்தில், ஒருவர் மூச்சு விட்டார். கிழட்டு மூச்சு. அவசரமில்லாத மூச்சு.

உள்ளங்கை ஒன்று அவன் பிடரியில் வந்து வைக்கப்பட்டது.

தட்டவில்லை. நெரிக்கவில்லை. தடவியது.

மேலிருந்து கீழே. கீழிருந்து மேலே. எங்கே மேடு, எங்கே பள்ளம். காதுக்குப் பின்னால் நின்றது. யோசித்தது. நகர்ந்தது. தாடையில் நின்றது. சலித்துக்கொண்டது போல ஒரு சின்ன ஓசை, நாக்கை மேலண்ணத்தில் தட்டும் ஓசை. இப்படியொரு மோசமான வேலையை யார் செய்தது என்று கேட்கிற ஓசை.

அந்த ஓசையை மகேந்திரராஜாவுக்கு நன்றாகத் தெரியும். அவன் எல்லோர் முன்னிலும் செய்கிற ஓசை அது. தனக்கு ஒருவர் செய்து கேட்டது இதுதான் முதல்.

"ஐயா" என்றான்.

கொழுப்பு மணம். இளம் சூடு. மரக் கரண்டி கன்னத்தில் பட்டது.

"வால்ட்டர் ஐயா, நான் பகிடிக்கு..."

சர்ர்.

"பகிடிக்குத்தான்..."

சர்ர். சர்ர்.

நோவு இல்லை. அதுதான் கொடுமை. நோவு இருந்த இடமெல்லாம் ஒவ்வொன்றாக அடைபட்டது. காதின் மடிப்பு. மூக்கின் ஓரம். கண்ணிமை. வாயின் இடது ஓரத்தில் ஒரு மடிப்பு உண்டு, பிறரைப் பார்த்து உதட்டைச் சுழித்துச் சுழித்து விழுந்த மடிப்பு. பெருவிரல் அதைக் கண்டுபிடித்தது. அங்கே நெடுநேரம் நின்றது. பிறகு அதையும் நிரப்பியது.

சனிக்கிழமை காலை லொறிக்காரர்கள் வந்தார்கள். திறந்து கிடந்த கராஜுக்குள் எட்டிப் பார்த்து ஒருவன் விசிலடித்தான்.

"பொம்மையும் காரோடயோ?"

"இருக்கட்டும். நல்லாத்தானே இருக்குது. கடையில வைக்கிற பொம்மை மாதிரி இல்லை, இது வேற கை."

கண்காட்சி மண்டபம். விளக்குகள். சனம். மகேந்திரராஜாவின் இடது கண்ணில் மட்டும் ஒரு கீற்று மிச்சம் இருந்தது. அந்தக் கீற்றால் அவன் எல்லாவற்றையும் பார்த்தான். அவன் கார்தான் மண்டபத்தின் நடுவில் நின்றது. அதைச் சுற்றித்தான் கூட்டம். அட்டையில் அவனுடைய முழுப் பெயர். பாரி வந்தான், பின்னால் முழு ஆபீசும். பாரி தொப்பியைக் கழற்றினான்.

"மாக்ஸ் எங்கே?" என்றான் மெல்லிய குரலில். "நான் அவனிட்ட மன்னிப்புக் கேக்க வேணும்."

இங்கே என்று மகேந்திரராஜா கத்தினான். ஈயத்துக்குள் அது எங்கும் போகவில்லை.

நடுவராக வந்த கிழவர் ஒருவர் கதவைத் தடவினார், கூரையைத் தடவினார், பிறகு கண்ணாடி இறக்கிய யன்னல் வழியாகக் கையை விட்டு, சாரதிப் பொம்மையின் கன்னத்தைத் தடவினார். தலையை ஆட்டினார்.

"அட்டையில ஆர் பேரையும் எழுதட்டும். இது வால்ட்டர் செய்தது. அந்தக் கையை எங்க கண்டாலும் நான் சொல்லுவன்."

"நானும் அப்பவே நினைச்சனான்" என்றான் பாரி, தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு. ஆபீஸ் சிரித்தது.

கூட்டத்தின் ஓரத்தில் இரஞ்சிதம் நின்றாள். ஒரு பக்கம் விக்னராஜா, ஒரு பக்கம் கல்யாணி. நீலச் சேலைக்கு மேலே ஆண்பிள்ளைக் கோட் ஒன்று போட்டிருந்தாள். அவள் கண்கள் வாசலைப் பார்த்தன, படிக்கட்டைப் பார்த்தன, தேநீர்க் கடையில் நின்ற வரிசையைப் பார்த்தன, கடந்து போன ஒவ்வொரு கறுத்த தலையையும் பார்த்தன. அவனைத் தவிர எல்லாரையும் பார்த்தாள். ஒரு தரம் காருக்குக் கிட்ட வந்தாள். யன்னலுக்கு நேரே, கை எட்டும் தூரத்தில். மூக்கைச் சுழித்தாள்.

"அந்த மணம்" என்றாள் கல்யாணியிடம். "என்னாலை ஏலாது. வாங்கோ, வெளியிலை போய்த் தேடுவம்."

இரஞ்சிதம், இரஞ்சிதம்.

நீலச் சேலை கூட்டத்துக்குள் போய்விட்டது.

நடுவர் இன்னும் குனிந்து நின்றார். "என்ன இது? இந்த இடது கண்ணிலை ஒரு சின்னப் பள்ளம் விட்டிருக்கு. வால்ட்டர் ஒரு நாளும் இப்பிடிக் குறையிலை விடுற ஆள் இல்லையே" என்று முணுமுணுத்து, அடுத்த காருக்குப் போனார். கூட்டமும் அவரோடு போயிற்று.

வெறுமையான பக்கத்து ஆசனத்தின் ஸ்பிரிங்குகள் மெல்ல மெல்ல அமுங்கின. யாரோ வசதியாக இருந்துகொள்வது போல. தண்ணீரில் எதையோ தோய்த்துப் பிழியும் சத்தம். நடுக்கமே இல்லாத பெரிய பெருவிரல் ஒன்று, நுனியில் ஒரு பொட்டுச் சாம்பல் நிறத்தோடு, அந்தக் கீற்றை நோக்கி வந்தது. வெளிச்சத்தை மறைத்தபடி, அவசரமில்லாமல், இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட.

அவ்வளவுதான், என் செல்வங்களே. கையை விடுங்கள், பக்கத்துப் பிள்ளைக்கு நோகப்போகிறது. எழும்பி முகத்தைக் கழுவிக்கொண்டு வாருங்கள், சூடாகப் பால் ஊற்றித் தருகிறேன். உங்கள் வீட்டில் அடுப்பு ஒரு நாளும் ஆறாதிருக்கட்டும். கட்டினவரும் பிள்ளைகளும் ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டு, நோய்நொடி இல்லாமல், சிரிப்பும் சண்டையுமாக நெடுங்காலம் ஒரே கூரையின் கீழ் வாழட்டும். உங்கள் வாசலில் வந்து ஏறுகிற பாதமெல்லாம் நல்ல பாதமாக இருக்கட்டும்.